துளிக்குள் படிகம் இருக்கிறதா? புரதப் படிகப் படங்களைக் கணினி தரம் பிரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரதப் படிகங்களைப் படம் பிடிக்கும் அறைக்குப் புதிதாக வரும் மாணவர்களும், எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. வாயால் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

புரதத்தை எதற்காகப் படிகமாக்க வேண்டும்?

அதன் உருவத்தை அணு அணுவாகத் தெரிந்துகொள்ள. ஒற்றைப் புரத மூலக்கூறின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் சிதறி வருவது அளக்க முடியாத அளவுக்கு மங்கல். அதே மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் வரிசை பிசகாமல் அடுக்கி நின்றால் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். ஒருவர் முணுமுணுப்பது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. ஆயிரம் பேர் ஒரே சுருதியில் பாடினால் தெருக்கோடி வரை கேட்கும். அந்த அடுக்குதான் படிகம்.

1926இல் ஜேம்ஸ் சம்னர் ஜாக் பீன் என்ற அவரையிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாக எடுத்துக் காட்டினார். நொதி என்பது புரதம்தான் என்று அதை வைத்து வாதிட்டார். அன்றைக்குப் பலரும் நம்பவில்லை. 1934இல் பெர்னாலும் டாரதி குரோஃபுட்டும் பெப்சின் படிகத்தைக் காயவிடாமல், அது வளர்ந்த கரைசலுடனேயே வைத்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார்கள். காய்ந்த படிகம் ஒன்றுமே காட்டாது என்பது அப்போதுதான் புரிந்தது. புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். கல் என்பதைவிட, ஒழுங்காக அடுக்கிய ஜெல்லி என்று நினைத்துக்கொள்வது சரி. மயோகுளோபின், ஹீமோகுளோபின் இரண்டின் வடிவத்தையும் கண்டுபிடித்ததற்காக கென்ட்ரூவும் பெருட்ஸும் 1962இல் நோபல் பரிசு பெற்றார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் பரிசைப் பகிர்ந்துகொண்ட, செல்லுக்குள் புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய வேலையும் படிகத்தில் தொடங்கியதுதான்.

கற்கண்டு செய்வது போலத்தானே?

பாதி ஆம். கற்கண்டுக்குச் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, நூல் கட்டித் தொங்கவிட்டு ஆறவைக்கிறார்கள். கரைந்து நிற்க இடமில்லாத சர்க்கரை நூலைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. இங்கேயும் கரைசலை மெல்ல மெல்லத் தாங்க முடியாத செறிவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் புரதத்தைக் காய்ச்ச முடியாது, முட்டை வெள்ளைக்கரு போல வெந்துவிடும். தண்ணீரை நைசாக வெளியேற்ற வேண்டும்.

அதற்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. அதில் 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் உப்போ பாலிஎத்திலீன் கிளைக்காலோ கலந்த ஒரு கரைசல். குழியின் ஓரத்தில் சின்னத் திண்ணை மாதிரி ஒரு மேடை. அதன்மேல் 100 நானோலிட்டர் புரதமும் அதே அளவு குழிக் கரைசலும் சேர்ந்த ஒரு துளி. மொத்தம் 200 நானோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. மேலே தெளிவான நாடாவை ஒட்டி மூடிவிட்டால், செறிவு குறைந்த துளியிலிருந்து செறிவு மிகுந்த குழிக்குத் தண்ணீர் ஆவியாகவே நகரும். துளி நாளுக்கு நாள் சுண்டும்.

சர்க்கரையோடு ஒப்புமை இங்கே முடிந்துபோகிறது. எந்தப் புரதம் எந்தக் கரைசலில் படிகமாகும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை வழியில்லை. பிஎச் அரைப் புள்ளி தள்ளிப்போனால் படிகத்துக்குப் பதில் பழுப்பு மண்டி (ஒழுங்கில்லாமல் திரண்ட வீழ்படிவு) வரும். ஆகவே நூற்றுக்கணக்கான கரைசல்களில் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி. அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள ஹாப்ட்மன்-உட்வர்ட் நிறுவனத்தில் ஒரு புரதத்தை 1,536 கரைசல்களில், எண்ணெய்க்கு அடியில் துளிகளாக வைத்துப் பார்க்கிறார்கள்.

இதை மனிதர்கள் பார்க்க முடியாதா? இயந்திரம் எதற்கு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தட்டில் 96 குழிகள், குழிக்கு மூன்று துளிகள் என்றால் 288 துளிகள். பத்து முறை படம் எடுத்தால் 2,880 படங்கள். ஒரே நேரத்தில் இருபது தட்டுகள் ஓடினால் 57,600 படங்கள். ஒரு படத்துக்கு இரண்டே விநாடி என்றாலும் 32 மணி நேரம் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். அதில் பெரும்பாலானவற்றில் ஒன்றுமே இருக்காது.

பழைய முறை இதைவிடக் கொடுமை. 4 டிகிரிக் குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்து, குழி குழியாகத் தட்டை நகர்த்தி, நோட்டில் “அ3: தெளிவு, அ4: மண்டி” என்று எழுத வேண்டும். அறுபதாவது குழிக்கு மேல் கை தானாகத் “தெளிவு” என்று எழுத ஆரம்பித்துவிடும். அப்படி எழுதிய நோட்டுகளை நான் நம்புவதில்லை, என்னுடையதையும் சேர்த்து.

படம் பிடிக்கும் இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ஃபிரிட்ஜ். உள்ளே வெப்பநிலை மாறாத அடுக்குகளில் தட்டுகள். ஒரு இயந்திரக் கை முறை வரும்போது தட்டை எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கும். துளி குவிந்த வடிவம் என்பதால் மேலே ஒரு படிகமும் அடியில் ஒரு படிகமும் ஒரே குவியத்தில் தெளிவாகத் தெரியாது. அதனால் ஒவ்வொரு துளியையும் ஆழம் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் ஒட்டி ஒரே படமாக்கிக் கொடுக்கும்.

கால அட்டவணை சுவாரசியமானது. வைத்த உடனே ஒரு படம்; பிறகு 1, 2, 3, 5, 8, 13, 21, 34ஆம் நாள் என்று பல ஆய்வகங்களில் ஃபிபொனாச்சி எண்களையே வைத்துக்கொள்கிறார்கள். இதில் மந்திரம் எதுவும் இல்லை. மாற்றங்கள் முதல் வாரத்தில் வேகமாகவும் பிறகு நிதானமாகவும் நடக்கும். அதற்கு இந்த இடைவெளிகள் வசதியாகப் பொருந்துகின்றன.

வைத்த உடனே எடுக்கும் முதல் படத்தைப் பலர் வீண் என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். பத்தாம் நாள் படத்தில் அழகான ஊசிப் படிகம் ஒன்றைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கும் மாணவரிடம் நான் முதலில் கேட்பது முதல் நாள் படத்தைத்தான். அதே ஊசி அதே இடத்தில் முதல் நாளே இருந்தால் அது சட்டை நூல்.

துளிகளில் என்னதான் தெரியும்?

பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வட்டமான ஓரம், உள்ளே வெறுமை. இது தெளிந்த துளி.

அடுத்து அதிகம் வருவது வீழ்படிவு. நாங்கள் மண்டி என்கிறோம். திரிந்த பால் போல, அல்லது ஈர மணலைத் தூவியது போல இருக்கும். எல்லா மண்டியும் ஒன்றல்ல. பழுப்பாகக் கட்டி கட்டியாக இருந்தால் புரதம் குலைந்துவிட்டது. வெள்ளையாக, மினுமினுக்கும் நுண்மணலாக இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். பெரும்பாலும் அவை கண்ணுக்குப் பிடிபடாத குட்டிப் படிகங்கள். இரண்டையும் பிரித்துச் சொல்வதில்தான் பழகிய கண்ணும் பழகாத கண்ணும் வேறுபடும்.

சில துளிகளில் ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகளைப் போலக் குமிழ்கள் தெரியும். துளி இரண்டு திரவங்களாகப் பிரிந்திருக்கிறது என்று பொருள். இதைத் தோல்வி என்று ஒதுக்கக் கூடாது. அந்த எண்ணெய்ப் பொட்டுகளில் புரதம் செறிந்து கிடப்பதும், அவற்றின் விளிம்பிலிருந்தே படிகம் கிளம்புவதும் உண்டு. இன்னும் சில துளிகளின் மேல் பாலாடை போல ஒரு தோல் படரும். அது சுருங்கிய இடங்கள் நேர்க்கோடுகளாகத் தெரிந்து கணினியை ஏமாற்றும்.

பிறகு படிகங்கள். முடியை விட மெல்லிய ஊசிகள், கட்டு கட்டாக முள்ளம்பன்றி மாதிரி. ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிய தகடுகள். எப்போதாவது, கூர்மையான விளிம்புகளுடன் தனியாக நிற்கும் ஒரு கட்டை. 50 மைக்ரான் நீளம் இருந்தால் அன்றைக்கு அறையில் காப்பி என் செலவு.

கணினிக்கு இதை யார், எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்?

முதலில் விதிகளாகச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார்கள். படிகத்துக்கு நேரான விளிம்பு இருக்கும், ஆகவே நேர்க்கோட்டைத் தேடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாலாடைச் சுருக்கத்துக்கும் பிளாஸ்டிக் கீறலுக்கும் நேர்க்கோடு உண்டு. உருண்டு திரண்ட படிகத்துக்கு இல்லை.

பிறகு எண்களை அள்ளிக் குவிக்கும் காலம். கனடாவில் கிறிஸ்டியன் கும்பாவும் இகோர் ஜுரிசிகாவும் பஃபலோவிலிருந்து வந்த படங்களில் ஒவ்வொன்றுக்கும் 12,375 அளவுகளைக் கணக்கிட்டார்கள்: இங்கே எவ்வளவு சொரசொரப்பு, அங்கே எத்தனை விளிம்பு என்று. அவ்வளவு கணக்கை ஒரு கணினி தாங்காது. வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் என்ற ஏற்பாட்டில், உலகெங்கும் பொதுமக்கள் தங்கள் வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை இதற்குக் கொடுத்தார்கள். 2007இல் தொடங்கிய அந்த வேலை 2013 வரை நடந்தது. மனிதர்கள் கையால் தரம் குறித்த 1,65,351 படங்களை வைத்துப் பயிற்சி அளித்ததில், படிகம் உள்ள படங்களில் 80 சதவீதத்தையும், மண்டியில் 89 சதவீதத்தையும், தெளிந்த துளிகளில் 98 சதவீதத்தையும் அந்த முறை சரியாகச் சொன்னது என்று 2010இல் எழுதினார்கள். முன்பின் தெரியாதவர்களின் கணினிகளில் புரதப் படிகங்கள் தேடப்பட்ட அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது.

திருப்பம் 2018இல் வந்தது. ஆய்வு நிறுவனங்களும் மருந்து நிறுவனங்களும் தங்கள் படங்களைப் பொதுவில் கொட்டின. அதுவரை யாரும் யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருந்தவை. சுமார் 5 லட்சம் படங்கள் சேர்ந்தன. கூகுள் ஆய்வாளர்களும் படிகவியலாளர்களும் சேர்ந்து அவற்றை வைத்து ஒரு நரம்பு வலைக்கு (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் கணினி நிரலுக்கு) பயிற்சி கொடுத்தார்கள். பெயர் மார்கோ. விளிம்பைத் தேடு, சொரசொரப்பை அள என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை; எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் படங்களிலிருந்து அதுவே எடுத்துக்கொண்டது. படிகம், மண்டி, தெளிவு, மற்றவை என்று நான்கே பெட்டிகள். பயிற்சியில் காட்டாமல் ஒதுக்கி வைத்த படங்களில் 94 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. படங்களும் பயிற்சி பெற்ற வலையும் இலவசமாகக் கிடைக்கின்றன.

நான்கே பெட்டிகளா? நீங்களே இப்போது ஏழெட்டு வகை சொன்னீர்களே?

சொன்னேன். அதற்குக் காரணம் கணினியின் போதாமை இல்லை, எங்களுடையது. ஒவ்வொரு ஆய்வகமும் தன் இஷ்டத்துக்கு வகை பிரித்து வைத்திருந்தது. ஓரிடத்தில் பத்து வகை, வேறிடத்தில் ஆறு. ஒருவர் “நுண்படிகம்” என்று எழுதியதை இன்னொருவர் “நல்ல மண்டி” என்று எழுதியிருப்பார். எல்லோருக்கும் பொதுவாகத் தேறியவை அந்த நான்குதான்.

ஒருமுறை நானும் உடன் வேலை செய்யும் அக்காவும் ஒரே முந்நூறு படங்களைத் தனித்தனியாகத் தரம் பிரித்தோம். தெளிந்த துளிகளில் சண்டையே இல்லை. பெரிய படிகங்களிலும் இல்லை. நடுவில் இருந்தவற்றில்தான் ஆளுக்கொரு பக்கம். ஒரு வாரம் கழித்து அதே படங்களை வரிசை மாற்றி எடுத்துப் பார்த்தேன்; என் பழைய முடிவுகளோடு நானே பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஆசிரியருக்கே விடை நிச்சயமில்லாத கேள்வியில் மாணவன் எப்படி நூற்றுக்கு நூறு வாங்குவான்?

94 சதவீதம் என்றால் நம்பலாம்தானே?

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து நம்பாதீர்கள்.

நூறு துளிகளில் இரண்டில்தான் படிகம் இருக்கிறது என்று வையுங்கள். எல்லாவற்றையும் “படிகம் இல்லை” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஒரு சோம்பேறி இயந்திரம் 98 சதவீதம் சரி. அது நமக்கு ஒரு காசுக்கும் பயன்படாது.

இன்னொரு கணக்கு, எண்கள் என் கற்பனை, விளக்கத்துக்காக. 10,000 படங்கள், அவற்றில் 200இல் படிகம். இயந்திரம் படிகங்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது: 180. படிகம் இல்லாத 9,800இல் 5 சதவீதத்தைத் தவறாகப் படிகம் என்கிறது: 490. ஆக 670 படங்களை உங்கள் முன் வைக்கிறது. நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் உண்மை. மாணவர்கள் இதைப் பார்த்து “இது பொய் சொல்கிறது” என்று வெறுத்துப்போகிறார்கள். நான் அதை வேறுமாதிரி பார்க்கிறேன். பத்தாயிரம் பார்க்க வேண்டியவன் 670 பார்க்கிறேன். மீதி நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம்.

கவலைப்பட வேண்டியது அந்த 490 பற்றி இல்லை, விட்டுப்போன 20 பற்றி. மண்டியைப் படிகம் என்றால் எனக்கு அரை நிமிடம் நஷ்டம். படிகத்தை மண்டி என்றால், புரதத்தைப் பிரித்தெடுக்கப் பாடுபட்ட ஒரு மாணவரின் ஆறு மாதம் நஷ்டம். இரண்டு தவறுக்கும் ஒரே எடை போடும் எந்தச் சதவீதமும் எங்கள் வேலைக்கு உதவாது. அதனால் “படிகமா, இல்லையா” என்ற தீர்ப்பை நான் இயந்திரத்திடம் கேட்பதே இல்லை. படிகமாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மதிப்பெண் கேட்டு வாங்கி, உயர்ந்ததிலிருந்து வரிசையாக அடுக்கிப் பார்க்கிறேன். தொடர்ந்து வெறும் துளிகளாகவே வர ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்வேன்.

படிகம் என்று தெரிந்துவிட்டது. அது புரதம்தானா, உப்பா?

சாதாரண ஒளிப்படத்தை மட்டும் பார்க்கும் கணினியால் இதைத் திட்டவட்டமாகச் சொல்ல முடியாது. அனுபவசாலிகளாலும் முடியாது. கால்சியமோ துத்தநாகமோ உள்ள கரைசலில் பாஸ்பேட் சேர்ந்தால் உப்புப் படிகம் கொத்துக் கொத்தாக வரும், கண்ணைப் பறிக்கும் அழகோடு. அழகாக இருந்தாலே நான் சந்தேகப்படுவது அதனால்தான்.

புற ஊதா ஒளியில் படம் எடுப்பது ஒரு வழி. புரதத்தில் உள்ள டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் 280 நானோமீட்டர் வாக்கில் ஒளியை உறிஞ்சி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் திருப்பி உமிழும். புரதப் படிகம் இருட்டில் விளக்கு போல ஒளிரும், உப்பு கருப்பாக இருக்கும். ஆனால் எல்லாப் புரதத்திலும் டிரிப்டோஃபேன் இல்லை, இன்சுலினில் இல்லை. சாதாரண பாலிஸ்டைரீன் தட்டு புற ஊதாவை விழுங்கிவிடும் என்பதையும் பார்த்துத் தட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது வழியை அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கார்த் சிம்ப்சன் குழு வளர்த்தெடுத்தது. அகச்சிவப்பு லேசரை மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாய்ச்சினால், சமச்சீர் மையம் (எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுக்கொன்று நேர்மாறாகப் பொருந்தும் நடுப்புள்ளி) இல்லாத படிகம் அதை இரட்டை அதிர்வெண்ணில் பச்சை ஒளியாகத் திருப்பித் தரும். புரத மூலக்கூறுக்கு இடக்கை வலக்கை வேறுபாடு இருப்பதால் அதன் படிகத்தில் அந்த மையம் இருக்க முடியாது. பெரும்பாலான உப்புகளில் உண்டு. மண்டிக்குள் புதைந்த ஒரு மைக்ரான் படிகமும் கரும்பின்னணியில் பொட்டாக மின்னும். இதிலும் ஓட்டை இருக்கிறது: சில உப்புகள் ஒளிரும், உயர்ந்த சமச்சீர் கொண்ட சில புரதப் படிகங்கள் ஒளிராது. கருவியின் விலையும் எல்லோருக்கும் எட்டாது.

காசில்லாத வழியும் உண்டு. நாடாவைக் கிழித்து, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே படிகத்தை ஒரு ஊசி முனையால் அழுத்துங்கள். உப்பு என்றால் விறைத்துக்கொண்டு நின்று சட்டென்று தெறிக்கும். சில சமயம் “டிக்” என்று காதுக்கே கேட்கும். புரதம் என்றால் நன்றாகக் காய்ந்த வெல்லக்கட்டி உதிர்வது போலச் சத்தமில்லாமல் பொடியாகும். இருக்கும் ஒரே படிகத்தை இப்படி உடைத்துப் பார்க்க மனம் வராது என்பதுதான் இதன் குறை. மாணவர்கள் இதில் முகம் வாடும்போது, பொடியானால் சந்தோஷப்படு, அந்தப் பொடியையே விதையாகப் போடலாம் என்பேன்.

விதையா?

தயிருக்கு உறை ஊற்றுவது போல. உடைந்த படிகத் துகள்களைப் புதுத் துளியில் சேர்த்தால், தானாகப் படிகம் தொடங்காத கரைசலிலும் அவற்றைப் பற்றிக்கொண்டு வளரும். பூனை மீசை முடி ஒன்றைப் படிகத்தில் தடவி, அப்படியே புதுத் துளியில் ஒரு கோடு இழுப்பது இந்தத் துறையின் பழைய வழக்கம். உதிர்ந்த மீசையைத்தான் எடுக்க வேண்டும், பூனையைத் துரத்தக் கூடாது.

கணினி எதில் அதிகம் ஏமாறுகிறது?

நூல், தூசி, பிளாஸ்டிக் கீறல், துளி ஓரத்தில் காய்ந்த உப்பு. இவை எங்கும் பொது. நான் பயப்படுவது இடம் மாறும்போது வரும் தவறுகளுக்கு. ஒரு வகைத் தட்டில், ஒரு வகை விளக்கில் எடுத்த படங்களில் கற்ற வலை, வேறு தட்டுக்கு வந்தால் தடுமாறும். ஒருமுறை எங்கள் இயந்திரத்தின் விளக்கை மாற்றினார்கள். மறுநாள் காலை வந்து பார்த்தால், முந்தின நாள் வரை வெறுமையாக இருந்த தட்டுகளில் எல்லாம் படிகம் என்று அறிக்கை. தட்டு வாரியாகப் பார்த்தபோது எல்லாம் துளியின் ஒரே பக்கத்தில் “இருந்தன”: புது விளக்கு சற்றுச் சாய்ந்திருந்ததால் துளி ஓரத்தில் விழுந்த நிழல். நாமாக இருந்தால் முதல் மூன்று படத்திலேயே கண்டுபிடித்திருப்போம். கணினிக்கு ஒவ்வொரு படமும் தனி உலகம். நேற்று என்ன இருந்தது, பக்கத்துக் குழியில் என்ன இருக்கிறது என்ற ஞாபகமே கிடையாது. முதல் நாள் படத்தையும் சேர்த்துக் காட்டி ஒப்பிடச் சொல்லும் முறைகள் இருக்கின்றன. வசதி இருந்தால் அவற்றையே வையுங்கள்.

எங்கள் ஆய்வகப் படங்களை வைத்து நாங்களே பயிற்சி கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் வெறும் தரையிலிருந்து தொடங்காதீர்கள். மார்கோ போல ஏற்கெனவே பயிற்சி பெற்றதை எடுத்து, உங்கள் தட்டு, உங்கள் விளக்கில் எடுத்த படங்களைக் காட்டிக் கொஞ்சம் திருத்தினால் போதும். படங்களின் எண்ணிக்கையைவிடக் குறிப்புகளின் நேர்மை முக்கியம். இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்கட்டும். ஒத்துப்போகாதவற்றை மூன்றாமவர் பார்க்கட்டும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு பிழை: ஒரே துளியின் மூன்றாம் நாள் படத்தைப் பயிற்சிக்கும், ஐந்தாம் நாள் படத்தைத் தேர்வுக்கும் வைத்துவிடுவது. வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பது போலத்தான் அது. மதிப்பெண் பிரமாதமாக வரும், புதுப் புரதம் வந்ததும் கவிழ்ந்துவிடும். பிரிப்பதானால் தட்டு தட்டாக, முடிந்தால் புரதம் புரதமாகப் பிரியுங்கள்.

இயந்திரம் வாங்கக் காசில்லை. கல்லூரி ஆய்வகத்தில் என்ன செய்வது?

நுண்ணோக்கியின் கண்வில்லைக்கு மேல் கைபேசியைப் பொருத்தும் பிடி ஒன்று போதும். கோழி முட்டை வெள்ளைக்கருவிலிருந்து கிடைக்கும் லைசோசைமும் சமையல் உப்புக் கரைசலும் இருந்தால் ஒரே நாளில் படிகம் வரும். இந்தத் துறையில் முதன்முதலாக எல்லோரும் வளர்ப்பது அதைத்தான். உப்பின் அளவைப் படிப்படியாக மாற்றி ஒரு தட்டு வைத்தால் தெளிவு, படிகம், மண்டி மூன்றும் ஒரே தட்டில் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே உருப்பெருக்கம், ஒரே வெளிச்சம் என்று பிடிவாதமாக இருங்கள். கணினிப் பயிற்சிக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை.

ஆல்பாஃபோல்டு வந்த பிறகும் இதெல்லாம் தேவையா?

இப்போது அதிகம் கேட்கப்படுவது இதுதான். அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் புரதத்தின் வடிவத்தை ஆல்பாஃபோல்டு கணித்துச் சொல்கிறது. 2024இல் அதற்கு நோபல் பரிசும் வந்துவிட்டது. படிகமே வேண்டாம் என்று உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கி இன்னொரு பக்கம் வளர்ந்துவிட்டது. வடிவம் மட்டும் வேண்டும் என்றால் பல புரதங்களுக்கு இனி படிகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மருந்து தேடுபவர்களின் கேள்வி வேறு. இந்தச் சின்ன மூலக்கூறு புரதத்தின் எந்தப் பள்ளத்தில், எந்தக் கோணத்தில் போய் உட்காருகிறது? அதை நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளுக்கு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் பார்க்கப் படிகம்தான் இன்றும் கைகொடுக்கிறது. இங்கிலாந்தில் உள்ள டைமண்ட் சிங்க்ரோட்ரான் என்ற வலிமையான எக்ஸ் கதிர் நிலையத்தில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒரே புரதத்தின் நூற்றுக்கணக்கான படிகங்களை வளர்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு மூலக்கூறை ஊறவைத்து எக்ஸ் கதிரில் பார்க்கிறார்கள். 2020இல் கொரோனா வைரஸின் முக்கிய புரோட்டியேஸ் நொதியை இப்படித்தான் சலித்தார்கள். மூலக்கூறுக் கரைசலை ஒலி அலையால் நானோலிட்டர் துளிகளாகத் தெறிக்கவிடுவார்கள்; நேரே படிகத்தின் மேல் விழுந்தால் அது கெட்டுவிடும், சற்றுத் தள்ளி விழ வேண்டும். எங்கே விழ வேண்டும் என்று படத்தைப் பார்த்துத்தான் குறிக்கிறார்கள். படிகம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்த படங்கள் இப்போது அது எங்கே இருக்கிறது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணினி “எதுவும் இல்லை” என்று சொன்ன தட்டை எறிந்துவிடலாமா?

இடம் இருக்கும்வரை எறியாதீர்கள். மாதக்கணக்கில் தெளிவாகவே இருந்த துளியில் திடீரென்று படிகம் வருவதுண்டு. புரதத்தோடு கலந்து வந்த ஏதோ ஒரு நொதி அதன் நீட்டிக்கொண்டிருந்த வாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்றிருக்கும். வால் போனதும் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்க முடிகிறது. அப்படி வந்தால் அந்தப் படிகத்தை எடுத்து, மிஞ்சிய துண்டின் எடையை நிறை நிறமாலைமானியில் அளந்து அதன் நீளத்தைக் கணக்கிட்டு, அந்தத் துண்டை மட்டும் புதிதாகத் தயாரித்து மறுபடி 96 குழிகளிலும் போடுங்கள். வைத்த உடனே முதல் படத்தையும் எடுத்துவிடுங்கள்.